அம்மாவின் கட்டியில் ஒரு துண்டு கேட்கிறார்கள்

ஓய்வு பெறும் முன் 23 வருடம் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொண்டவள் நான் என்று போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை மேசை நிறைய. பட்டா மாறுதல், பிள்ளைகள் படிப்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம் என்று பலரும் சொல்லியிருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

அக்கா, என் அம்மாவுக்கு 61 வயது. கன்னத்தின் உள்பக்கம் புற்று. அடுத்த வாரம் ஆபரேஷன். வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை எலியில் வைத்து வளர்த்து மருந்து சோதிப்பார்களாம், சம்மதமா என்று ஒரு படிவம் நீட்டுகிறார்கள். தங்கச்சி வேண்டாம் என்கிறாள். கொடுத்தால் அம்மாவுக்கு ஏதாவது ஆகுமா? அவருக்கு எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடுமா? (மேலூர்)

தம்பி, இதனால் அம்மாவுக்குத் தனியாக ஒரு வலியும் இல்லை. கட்டியை எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள். எடுத்தது முதலில் பேத்தாலஜிக்குப் போகும். எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா, கழுத்து நெறிகட்டியில் ஏறியிருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். அம்மாவின் அடுத்த சிகிச்சையை முடிவு செய்வது அந்த ரிப்போர்ட்தான். அதற்கு வேண்டியது போக மிஞ்சியதில்தான் ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டும். "ரிப்போர்ட்டுக்கு எடுத்த பிறகுதானே?" என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எலியில் அது வளர்ந்தால் அம்மாவுக்கும் சேர்ந்து வளருமோ என்று தங்கச்சி பயப்படுகிறாளா? பலர் என்னிடம் கேட்ட கேள்விதான் இது. வெட்டிப் போட்ட முடியை யார் மிதித்தாலும் தலைக்கு வலிப்பதில்லை. உடம்பை விட்டு வெளியே வந்த சதைக்கும் அம்மாவுக்கும் அதன் பிறகு ஒரு தொடர்பும் கிடையாது.

அந்தத் துண்டு எங்கே போகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும், அதனால் சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு சின்ன டப்பாவில், ரோஸ் நிறத் திரவத்தில் மூழ்க வைத்து, ஐஸ் பெட்டியில் எங்களிடம் வரும். சீக்கிரம் வர வேண்டும், நேரம் ஆக ஆகச் செல் சாகும். ஒரு தடவை ஐஸ் முழுக்க உருகி, வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பா மிதந்தபடி வந்து சேர்ந்தது. வழியில் யாரோ பெட்டியை வெயிலில் வைத்துவிட்டார்கள். ஒருவர் நம்பிக் கொடுத்த சதை அப்படி வீணானதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

நல்லபடி வந்த துண்டைக் கண்ணாடித் தட்டில் வைத்து, நடுவில் வெளுத்துக் கொழகொழவென்று செத்துப்போன பகுதியைக் கழித்துவிட்டு, ஓரத்தில் கெட்டியாக இருப்பதைத் துவரம்பருப்பு அளவுக்கு நறுக்குவோம். எலியை மயக்கி, விலாப் பக்கத்தில் தோலை ஒரு சின்னக் கீறல் கீறி, முனை மழுங்கிய இடுக்கியால் தோலுக்கடியில் சட்டைப்பை மாதிரி ஒரு இடம் உண்டாக்கி, அதற்குள் ஒரு பருப்பு. மேலே ஒரு சொட்டுப் பசை. அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் எலி எழுந்து தன் கூண்டில் காகிதத்தைக் கிழித்துக் கூடு கட்ட ஆரம்பித்துவிடும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். சில கட்டிகள் ஒரு மாதத்தில் தலைகாட்டும். சிலவற்றுக்கு நாலைந்து மாதம் ஆகும். பல கட்டிகள் பிடிப்பதே இல்லை. பிடித்தால் வாரம் இரண்டு தடவை காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து அளப்போம். நீளத்தை ஒரு தடவையும் அகலத்தை இரண்டு தடவையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் கட்டியின் கன அளவு. 12 மில்லிமீட்டர் நீளம், 8 அகலம் என்றால் 384 கன மில்லிமீட்டர். என் நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் இந்தக் கணக்கால் நிரம்பியவை. போதுமான அளவு வளர்ந்ததும் அதை எடுத்து நறுக்கி அடுத்த நாலைந்து எலிகளுக்கு வைப்போம். அதிலிருந்து அடுத்த தலைமுறைக்கு. அப்படிப் பெருக்கினால்தான் ஒரே கட்டியைச் சுமக்கும் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் புது மருந்தும் மறு கூட்டத்துக்கு வெறும் உப்புத் தண்ணீரும் கொடுத்து ஒப்பிட முடியும்.

இதற்கெல்லாம் பாதி வருடத்துக்கு மேல் ஆகிவிடும். உங்கள் அம்மாவுக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டியிருந்தால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: அம்மாவின் மருந்து இந்த எலியிலிருந்து வராது. வரும் என்று யாராவது சொல்லிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

அம்மாவுக்கு இல்லையென்றால் யாருக்கு என்று கேட்பீர்கள். இத்தாலியில் டூரின் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெருங்குடல் புற்று ஈரலுக்குப் பரவிய 85 நோயாளிகளின் கட்டிகளை அங்கே எலிகளில் வளர்த்தார்கள். செடுக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, கேட்டிருக்க வேண்டிய சில கட்டிகளில் அது கேட்கவில்லை. ஏன் என்று துருவிப் பார்த்ததில், அவற்றில் ஹெர்-2 என்ற மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. மார்பகப் புற்றில் எல்லாருக்கும் தெரிந்த அதே ஹெர்-2. அதை அடக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து எலிக்குக் கொடுத்தார்கள், கட்டி சுருங்கியது. 2011இல் இது வெளிவந்தது. அடுத்து மனிதர்கள். 914 நோயாளிகளைச் சோதித்து, ஹெர்-2 பெருகிய 48 பேரைக் கண்டுபிடித்து, அவர்களில் 27 பேருக்கு ஹெர்-2வை அடக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வேறு வழியே இல்லை என்று கைவிடப்பட்டிருந்தவர்கள். 8 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. 2016இல் அந்த முடிவு வந்தது. எலிக்குத் துண்டு கொடுத்த 85 பேரும் இந்த 8 பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

இப்போது படிவம். என் சின்னம்மாவுக்கும் வாயில்தான் வந்தது, வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம். ஒரு ஆஸ்பத்திரியில் அவரிடம் எதற்கோ கைநாட்டு வாங்கினார்கள். வெளியே வந்து, "என்னத்துக்குடி வாங்குனாக?" என்று என்னிடம் கேட்டார். இதே தொழிலில் இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. நகல் கொடுக்கவில்லை, அதில் இருந்தது ஆங்கிலம், படித்துக் காட்டவும் ஆள் இல்லை. அந்தக் கைநாட்டு இன்றுவரை எனக்கு உறுத்தல்.

அதனால் தமிழில் படிவம் கேளுங்கள். அம்மாவுக்கே புரியும்படி சொல்லச் சொல்லுங்கள், உங்களிடம் மட்டும் சொன்னால் போதாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், அந்த ஆராய்ச்சியைச் சேராத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். மறுத்தால் சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது. ஆராய்ச்சிச் செலவு என்று ஒரு ரூபாயும் உங்களிடம் வாங்கக் கூடாது. பின்னால் மனசு மாறினால் விலகிக்கொள்ளலாம். இவை எல்லாம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் வருட நெறிமுறைகளில் இருப்பவை, யாரும் சலுகையாகத் தருவதில்லை. இத்தனையும் சரியாக இருந்தால் நான் கொடுக்கச் சொல்வேன். ஆனால் சொல்ல வேண்டியவர் அம்மா. அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

எங்கள் பாடத்தில் ஹீலா செல்கள் பற்றிப் படித்தோம் மேடம். தட்டில் செல் வளர்த்தே மருந்து சோதிக்கலாமே, எலி எதற்கு? எலியில் வைத்த கட்டி மனிதக் கட்டி மாதிரியே இருக்குமா? (கல்லூரி மாணவி, உசிலம்பட்டி)

நல்ல கேள்வி கண்ணு. ஹீலா 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுத்தது. அவரைக் கேட்காமலே எடுத்தார்கள். அதே வருடம் அக்டோபர் 4ஆம் தேதி அவர் இறந்தார். செல்கள் இன்றும் உலகம் முழுக்க வளர்கின்றன. மேலே மேலூர்த் தம்பிக்குப் படிவம் பற்றி அத்தனை வரி எழுதியதற்கு அந்த அம்மாவும் ஒரு காரணம்.

தட்டில் வளரும் செல் மோசம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 60 வகைப் புற்றுச் செல்களை வைத்துக்கொண்டு 1990லிருந்து ஆயிரக்கணக்கான மருந்துகளைச் சலித்தது. ஆனால் பிளாஸ்டிக் தட்டில் வருடக்கணக்காக வளரும் செல், தட்டில் வாழப் பழகிய செல். ஒரு கட்டிக்குள் வேகமாகப் பெருகுவது, தூங்குவது, மருந்துக்கு மசியாதது என்று பல ரகம் கலந்து கிடக்கும். தட்டில் வேகமாகப் பெருகும் ரகம் மற்றதை எல்லாம் அமுக்கிவிடும். அதனால் தட்டில் ஜெயித்த மருந்து ஆளிடம் தோற்கிறது. 2016இல் அந்த நிறுவனமே, நோயாளிகளின் கட்டியிலிருந்து நேராக எடுத்து எலியில் வளர்த்த மாதிரிகளுக்குத் தன் சோதனையில் முதலிடம் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டது. பி.டி.எக்ஸ் என்று படிப்பாய், அது இதுதான்.

மனிதச் சதையை எலி ஏன் தள்ளிவிடவில்லை என்று கேள். தள்ளும் சக்தி இல்லாத எலி அது. உடம்பில் முடி இல்லாத ஒரு சுண்டெலி வகை 1960களில் கிளாஸ்கோவில் தென்பட்டது. முடி மட்டுமல்ல, தைமஸ் சுரப்பியும் அதற்கு இல்லை, அதனால் வெளியிலிருந்து வரும் சதையை எதிர்க்கும் டி செல்களும் இல்லை. 1969இல் கோபன்ஹேகனில் ஒருவரின் குடல் புற்றை அந்த மொட்டை எலியில் வைத்தார்கள், பிடித்துக்கொண்டது. இப்போது அதைவிட எதிர்ப்புச் சக்தி குறைந்த எலிகள் இருக்கின்றன. அந்த எலி உள்ள அறைக்குள் நுழைய நான் குளித்து, உடை மாற்றி, தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு போவேன். அதன் தீனியும் தண்ணீரும் கூண்டும் ஆவியில் வெந்து வந்தவை. சளி பிடித்தால் அன்றைக்கு எனக்கு அந்த அறையில் வேலை கிடையாது.

அந்தக் கட்டி மனிதக் கட்டி மாதிரியே இருக்குமா? மல்லியை வைத்துச் சொல்கிறேன். மதுரை மல்லியின் கன்று ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்து மணலில் பதியன் போட்டு வளர்ந்து வருவது. இங்கே நம் மண்ணில் நட்ட பிறகுதான் அந்தத் தடித்த இதழும் வாசமும். கன்று அதேதான், மண் வேறு. கட்டியிலும் அப்படித்தான். புற்றுச் செல் மனிதருடையது. ஆனால் அதைத் தாங்கும் சதை நார், ரத்தக்குழாய் எல்லாம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் எலியினுடையதாக மாறிவிடும். அந்த மண்ணுக்கு ஏற்றபடி கட்டியும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.டி.எக்ஸ் மாதிரிகளை ஆராய்ந்து 2017இல் ஒரு குழு இதைக் காட்டியது. நோயாளியிடம் இருந்த குரோமோசோம் மாற்றங்கள் சில எலியில் மறைந்து புதியவை முளைத்திருந்தன. எவ்வளவு பெரிய மாற்றம் என்பதில் பின்னால் வந்தவர்கள் வேறு கருத்துச் சொன்னார்கள். எப்படியும் பழைய தலைமுறைத் துண்டை உறைய வைத்திருந்து, முடிந்தவரை அதிலிருந்தே தொடங்குவது நல்ல கூடத்தின் வழக்கம்.

இன்னொரு பெரிய ஓட்டை, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலியில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்தைச் சோதிக்க முடியாது. இன்றைக்குப் பேசப்படும் இம்யூனோதெரபி மருந்துகள் அந்த ரகம். தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்லை எலிக்கு ஏற்றி, பாதி மனித எதிர்ப்புச் சக்தியோடு வளர்த்துச் சோதிக்கிறார்கள். விலை கூடின, அரைகுறையான வழி, ஆனால் வேறு கதியில்லை. நீ ஆராய்ச்சிக்குப் போனால் இந்த இடத்தைப் பார்த்துப் போ, வேலை நிறையக் கிடக்கிறது.

என் வீட்டுக்காரருக்குப் பெருங்குடலில் புற்று, ஈரலுக்குப் பரவிவிட்டது. இரண்டு கீமோ ஆகியிருக்கிறது. கட்டியை எலியில் வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் டெஸ்ட் இருக்கிறதாம், பல லட்சம் ஆகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். ஒன்றரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. விற்கலாமா? (திருமங்கலம்)

விற்காதீர்கள் தங்கச்சி.

காரணத்தை மேலே மேலூர்த் தம்பிக்குச் சொன்ன மாதக் கணக்கில் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரரின் கட்டி எலியில் பிடிக்குமா என்றே முதலில் சொல்ல முடியாது. பிடித்தாலும் பதில் வர மாதங்கள் ஆகும், அதற்குள் அவருடைய சிகிச்சை எங்கேயோ போயிருக்கும். எலியின் ஈரல் மருந்தை உடைக்கும் வேகம் வேறு, எலி தாங்கும் அளவு வேறு. எலிக்குக் கேட்ட மருந்து இவருக்கும் கேட்கும் என்று ஒருவரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். டூரினில் 85 பேரின் கட்டிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்ததால் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரே ஒருவரின் ஒரே கட்டியை வைத்து ஜோசியம் சொல்வது வேறு வேலை.

அதை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். முதல் பயாப்சி எடுத்த இடத்தில் அவருடைய சதை மெழுகுக் கட்டியில் பதித்து வைக்கப்பட்டிருக்கும், பேரஃபின் பிளாக் என்பார்கள். அதைக் கேட்டு வாங்கலாம். அதில் கேராஸ், என்ராஸ், பிராஃப் ஆகிய மரபணுக்களையும் ஹெர்-2வையும் எம்.எஸ்.ஐ. என்ற சோதனையையும் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்தச் சொற்களை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே போங்கள், கூச்சப்பட வேண்டாம். கேராஸிலோ என்ராஸிலோ கோளாறு இருந்தால் செடுக்ஸிமாப் வேலை செய்யாது, அந்தச் செலவும் பக்கவிளைவும் மிச்சம். எம்.எஸ்.ஐ. அதிகம் என்று வந்தால் இம்யூனோதெரபிக்கு நல்ல வாய்ப்பு. ஹெர்-2 பெருகியிருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் அப்படிப்பட்ட குடல் புற்றுக்கென்றே டுகாடினிப்பையும் டிராஸ்டுஸுமாப்பையும் சேர்த்துக் கொடுக்க அனுமதி கிடைத்தது. எலியில் தொடங்கிய கதை இத்தனை வருடம் கழித்து மெழுகுக் கட்டி டெஸ்டாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதற்குப் புஞ்சையை விற்க வேண்டியதில்லை.

எலிக்குப் பதிலாகத் தட்டில் கட்டியைக் குட்டி உருண்டையாக வளர்ப்பதும் உண்டு, ஆர்கனாய்டு என்று பெயர். 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளேவர்ஸின் கூடத்தில் குடல் செல்லை அப்படி வளர்த்துக் காட்டினார்கள். எலியைவிட வேகம், வாரக்கணக்கில் பதில் வரும். 2018இல் லண்டனில் 71 நோயாளிகளின் பயாப்சிகளில் வளர்த்துப் பார்த்ததில், உருண்டையில் கேட்காத மருந்து நோயாளியிடமும் கேட்கவில்லை, கேட்ட மருந்து 88 சதவீதம் பொருந்தியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்த ஆட்கள் அதில் கொஞ்சம் பேர்தான். யாராவது இதை விலை பேசினால், ஆராய்ச்சியில் சேர்க்கிறீர்களா, விற்கிறீர்களா என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் பணம் வாங்க மாட்டார்கள். மருந்துச் சோதனை என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்கும், 2009லிருந்து அது கட்டாயம். எண் சொல்லாதவரிடம் பேச்சை நீட்டாதீர்கள்.

பெரியாஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் ஒரு தடவை விசாரித்துவிட்டு எழுதுங்கள். உங்கள் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இத்தனை எலிகளைக் கொல்வது பாவம் இல்லையா? உங்களுக்கு உறுத்தவில்லையா? (செல்லூர்)

உறுத்தியது அய்யா. என் வீடு நாகமலை புதுக்கோட்டையில். காலையில் கீழக்குயில்குடிப் பக்கம் நடக்கும்போது சமணர் மலை எதிரே நிற்கும். ஓர் உயிருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்று வாழ்ந்தவர்கள் படுத்த கல் படுக்கைகள் நம் மதுரையைச் சுற்றி எத்தனை. அந்த மலையைப் பார்த்துக்கொண்டே என் நோட்டுப் புத்தகத்தை நினைத்திருக்கிறேன்.

ஒரு எலிக்கும் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. 1960ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் மத்தியக் குழு இருக்கிறது, ஒவ்வொரு கூடத்திலும் நெறிமுறைக் குழு இருக்கிறது. எத்தனை எலி, ஏன் அத்தனை, வேறு வழி ஏன் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டி ஒரு எல்லைக்கு மேல் பெருத்தாலோ, எலி தின்னாமல் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தாலோ ஆராய்ச்சி முடியவில்லை என்று பார்க்காமல் அதற்கு வலியில்லாமல் முடிவு கொடுத்துவிட வேண்டும். அந்தக் கூனலை முதலில் பார்ப்பது விஞ்ஞானி அல்ல, கூண்டு கழுவப் போகும் எங்களைப் போன்ற ஆள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, திங்கள்வரை இருக்கட்டும் என்று சொன்னவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்றே முடித்தோம்.

எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் முயற்சியும் நடக்கிறது. 2015இல் ஒரு பெரிய ஆய்வில், நிறைய நோயாளிகளின் கட்டிகளை எடுத்து, ஒரு கட்டிக்கு ஒரு மருந்துக்கு ஒரே எலி என்று சோதித்து, அப்படியும் நம்பத்தக்க விடை கிடைக்கும் என்று காட்டினார்கள். 2023 மார்ச்சில் நம் நாட்டு மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, செல், ஆர்கனாய்டு, சில்லுக்குள் உறுப்பு (உறுப்பின் செல்களைச் சின்னச் சில்லில் வளர்ப்பது) போன்ற வழிகளில் கிடைத்த தரவையும் ஏற்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஆர்கனாய்டில் சலித்து, மிஞ்சும் இரண்டு மூன்று மருந்துகளுக்கு மட்டும் எலி என்பதே சரியான வரிசை என்பது என் எண்ணம். எலியே வேண்டாம் என்று இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. ஆர்கனாய்டை வளர்க்கும் கூழ்கூடப் பெரும்பாலும் எலிக் கட்டி ஒன்றிலிருந்து எடுப்பதுதான்.

எங்கள் தாத்தா புற்றுக்குக் கொடுத்த மூலிகைச் சூரணக் குறிப்பு கையில் இருக்கிறது. இந்த எலி முறையில் சோதிக்க முடியுமா? (சோழவந்தான்)

முடியும். ஆனால் நேரே எலிக்குப் போக முடியாது. எந்தச் செடி, எந்தப் பாகம், அதில் உள்ள பொருள் எது, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். நம் ஊர் சுடுகாட்டு மல்லி, நித்தியகல்யாணி என்று சொல்வோமே, சர்க்கரைக்கு நல்லது என்ற பேச்சைப் பிடித்துக் கனடாவில் அதை ஆராயப் போனார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அதிலிருந்து 1950களில் வின்பிளாஸ்டின் வந்தது, ரத்தப் புற்றுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டினும் அதே செடிதான். குறிப்பைப் படி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறையில் செடியை உறுதி செய்யுங்கள். அதுவரை யாருக்கும் கீமோவை நிறுத்திவிட்டு அந்தச் சூரணத்தைக் கொடுக்காதீர்கள், உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தாலும்கூட.

என் அப்பா மூன்று வருடத்துக்கு முன் வேறு ஊரில் ஆபரேஷன் செய்தபோது கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். போன வருடம் இறந்துவிட்டார். அந்தக் கட்டி இன்னும் எங்கேயோ உயிரோடு இருக்குமா? அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. (வாடிப்பட்டி)

இருக்கலாம் அம்மா. மறைக்காமல் சொல்கிறேன்.

எலியில் பிடித்திருந்தால் அதிலிருந்து சில துண்டுகளை உறையாமல் காக்கும் திரவத்தில் ஊற வைத்து, சுண்டுவிரல் அளவுக் குப்பிகளில் அடைத்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் கொள்கலனில் இறக்கியிருப்பார்கள். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையோடு வழியும். தட்டைத் தூக்கினால் வரிசை வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். உங்கள் அப்பாவின் பெயர் அங்கே எங்கும் இருக்காது. எந்த எண் யாருடையது என்ற ஏடு வேறு இடத்தில் பூட்டி இருக்கும், எங்களைப் போன்றவர்கள் அதைப் பார்த்ததில்லை. அந்தக் குளிரில் அது வளராது, சாகாது, அப்படியே நிற்கும். வேறொரு வருடம் வேறொரு மருந்து வரும்போது எடுத்து, கைச்சூட்டில் உருக்கி, ஒரு எலிக்கு வைப்பார்கள்.

அப்பாவைக் கொன்றது மட்டும் உயிரோடு இருக்கிறதே என்றுதான் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று நினைக்கிறேன். எனக்கும் சில ராத்திரிகள் அப்படிப் போயிருக்கின்றன. ஒரு குப்பியை நான் ஆறு வருடம் தொடர்ந்து கையாண்டேன். அந்த எண் எனக்கு இன்னும் மனப்பாடம். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. எத்தனையோ மருந்து அதில் தோற்று, ஒன்றுக்குக் கட்டி சுருங்கியது. காலிப்பர் 9 மில்லிமீட்டர் காட்டியது, அடுத்த வாரம் 7, அதற்கடுத்த வாரம் 4. அன்றைக்கு அந்த ஆளின் வீட்டுக்காரர்களிடம் யாராவது போய்ச் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன்.

நீங்கள் கேட்கலாம். அப்பா கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் இருந்தால், அதில் பொறுப்பாளரின் பெயரும் நெறிமுறைக் குழுவின் முகவரியும் இருக்கும். அப்பாவின் மாதிரி பிடித்ததா, எதற்குப் பயன்பட்டது, இனி வேண்டாம் என்றால் எடுத்துவிட முடியுமா என்று அந்தக் குழுவுக்குத் தமிழிலேயே எழுதுங்கள். நகல் இல்லையென்றால் ஆபரேஷன் நடந்த தேதியும் ஆஸ்பத்திரி எண்ணும் போதும். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் இந்த அலுவலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.